முப்பத்தோரு கிலோ உப்பும் ஜாவா டூல்கிட்டும்

"ஏனுங்க அம்மிணி, கோழிக்கு ஊறுகா போடப் போறீங்களா?"

பழனியம்மாள் அக்கா கேட்டது அவ்வளவுதான். தலையில் கட்டிய துண்டு, புருவமெல்லாம் மக்காச்சோளத் தூசி, கையில் எங்கள் புரோகிராம் அச்சடித்துத் தந்த சீட்டு. அதை நான் உட்கார்ந்திருந்த மேஜைமேல் வைத்து, ஒரு வரியில் விரலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மக்காச்சோளம் சரி. சோயா சரி. தவிடும் கிளிஞ்சலும் சரி. உப்பு மட்டும் முப்பத்தோரு கிலோ.

எருமப்பட்டிப் பக்கம் இருந்த அந்தக் கோழித் தீவன மில்லில் கலவை மெஷினை ஓட்டுகிறவர் பழனியம்மாள் அக்கா. ஒரு டன் தீவனத்துக்கு மூன்று கிலோ உப்பு போடுவார்கள். கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ள ஆரம்பித்தால், கால்நடை டாக்டர் ஒரு கிலோ கூட்டச் சொல்வார். அன்றைக்கும் கூட்டச் சொல்லியிருந்தார். மூன்றும் ஒன்றும் நான்கு என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். என் புரோகிராமுக்குத் தெரியவில்லை. மூன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டவைத்து, முப்பத்தொன்று என்று அழகாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

அக்கா படிக்காமல் அப்படியே கொட்டியிருந்தால் ஒரு கொட்டகைக் கோழி முழுக்கச் செத்து விழுந்திருக்கும்.

நான் பிடித்த முயல்

அந்தப் புரோகிராமை எழுதியவள் நான். அது மில்லில் ஓட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நாமக்கல்லில் ஒரு டயர் கடையின் மாடியில், நானும் என்னோடு கல்லூரியில் படித்த தேன்மொழியும் அலுவலகம் போட்டிருந்தோம். ஆள் இரண்டு, மேஜை இரண்டு, வாடிக்கையாளர் ஒன்று. அந்த ஒன்றுதான் இந்த மில்.

பெங்களூரில் இரண்டு வருடம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிவிட்டு வந்தவள் என்பதால் எனக்குத் தலையில் கொஞ்சம் கனம் உண்டு. தேன்மொழிக்கு ஜாவா மட்டும்தான் தெரியும். பெயர் ஒட்டியிருக்கிறதே தவிர இரண்டும் வேறு வேறு சரக்கு. ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் ஓடுவது, எதை எழுதினாலும் "சரி, ஓட்டிப் பார்க்கலாம்" என்று தலையாட்டுவது. ஜாவா அப்படியில்லை. எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்கும்.

ஆரம்பத்திலேயே தேன்மொழி சொன்னாள். "ஜாவாவுலயே எழுதலாம் புள்ள. ஒரு டூல்கிட் இருக்குது. நாம ஜாவால எழுதுனா, அதுவே ஜாவாஸ்கிரிப்ட்டா மாத்திக் குடுத்துரும்."

"எனக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியறப்ப எதுக்குடி மாத்தறதுக்கு ஒரு மெஷினு?" என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அந்த முயல்தான் உப்பில் விழுந்தது. திரையில் இருக்கும் கட்டத்தில் நாம் 3 என்று தட்டினால், பிரவுசர் அதை எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு எழுத்தைக் கூட்டச் சொன்னால் ஒட்டத்தான் செய்யும். எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டு என்று நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. நான்கு மாதமாக, டாக்டர் கூட்டச் சொல்லும் அளவைப் போடும் கட்டம் காலியாகவே இருந்ததால், மூன்றோடு ஒன்றுமில்லாததை ஒட்டி மூன்று என்றே வந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒன்று என்று போட்ட முதல் நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மில் உரிமையாளர் குமரேசன் அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அலமாரியைத் திறந்து, பழனியம்மாள் அக்கா முன்பு கலவைக் கணக்கு எழுதிவந்த நீள நோட்டை எடுத்து, தூசி தட்டி மேஜையில் வைத்தார்.

"நீங்க இதச் சரி பண்ற வரைக்கும் நோட்டே ஓடட்டும். உங்களுக்கு மூணு வாரம் டைம் தாரேன். மூணாவது வெள்ளிக்கிழம கொண்டாந்து காட்டுங்க. அக்கா பாத்துச் சரின்னா சரி. இல்லீன்னா வுட்ருங்க, கம்ப்யூட்டரே வேண்டாம்."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த தேன்மொழி மெதுவாகச் சொன்னாள். "சென்னைலருந்து வேலைக்கு ஆர்டர் வந்திருக்குது. அந்த வெள்ளிக்கெழம கழிஞ்சு, அடுத்து வர்ற திங்கக்கெழம சேரச் சொல்றாங்க. மில்லும் போச்சுன்னா நான் போயிர்றன் சுகந்தி. ஊட்ல அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியல."

தேன்மொழிக்குக் கோபம் வந்தாலும் வருத்தம் வந்தாலும் குரல் ஒரே அளவில்தான் இருக்கும். அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது. அவள் போனால் அலுவலகம் இல்லை. அதைவிட, அவள் இல்லாமல் எனக்கு அந்த மாடியில் உட்காரப் பிடிக்காது.

மறுநாள் காலையில் அவள் மேஜைக்குப் போய் நின்று, "அந்த டூல்கிட்டச் சொல்லிக் குடு" என்றேன்.

சிவப்புக் கோடுகள்

இந்தத் தொடரில் நான் அடிக்கடி 'ஜாவா டூல்கிட்' என்று சொல்வதைப் பார்த்து, ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி, அதில் அப்படி என்னதான் விசேஷம் என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் அவருக்காகவே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விசேஷத்தை முதல் நாளே பார்த்தேன். என் பழைய புரோகிராமை வரிவரியாகப் பார்த்து ஜாவாவில் எழுதிக்கொண்டே வந்தேன். உப்பு வரிக்கு வந்ததும், எழுதி முடித்துக் கையை எடுக்கும் முன்பே அடியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. "இது எடை. இதில் எழுத்தை வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டது. ஓட்டிப் பார்க்கவில்லை, சீட்டு அச்சடிக்கவில்லை, மில் வரை போகவில்லை. எழுதிய இடத்திலேயே பிடித்துவிட்டது.

தேன்மொழி நாற்காலியைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பவே சொன்னனல்ல" என்று சொல்லாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

அன்று சாயந்திரத்துக்குள் இன்னும் பதினொரு இடத்தில் சிவப்புக் கோடு. எல்லாம் என் நான்கு மாதப் பெருமைக்குள் சத்தமில்லாமல் படுத்திருந்த தப்புகள். ஒரு இடத்தில் தவிட்டின் எடையைக் கொட்டகையின் எண்ணோடு கூட்டியிருந்தேன். யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்காததால் தப்பித்தேன்.

ஆறாவது கோட்டில் எனக்கு அழுகை வந்தது. ஒன்பதாவதில் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டையும் சரி செய்ததும் பழைய புரோகிராம் இருந்த ஃபோல்டரை அழித்தேன். "ஒரு காப்பியாவது வெச்சுக்கடி" என்று தேன்மொழி பதறினாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்.

சேஸும் பாடியும்

இங்கே என் அப்பாவின் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு லாரி வெறும் சேஸாக, சட்டமும் சக்கரமும் எஞ்சினுமாகத்தான் வரும். கூரை இல்லாமல், கதவு இல்லாமல், ஒரு பலகையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு டிரைவர் ஓட்டி வருவார். மேல் பாடி கட்டுவது நம் ஊர் வேலை. அப்பா அதைத்தான் செய்தார்.

அப்பாவுக்கு இருந்த ஒரே எரிச்சல் போல்ட் துளை. ஒரு கம்பெனி சேஸில் துளை ஒரு இடத்தில் இருக்கும். இன்னொரு கம்பெனி சேஸில் நான்கு விரல் தள்ளி இருக்கும். ஒரே பாடியை எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது. வெட்டியதையே மறுபடி வெட்ட வேண்டும்.

பிரவுசர்களும் அப்படித்தான். மில் கம்ப்யூட்டரில் இருந்தது காலம்போன ஒரு பழைய பிரவுசர். குமரேசன் அண்ணன் வீட்டில் புதியது. டாக்டரிடம் இருந்தது வேறொன்று. என் பழைய புரோகிராம் ஒன்றில் நேராக நிற்கும், இன்னொன்றில் கட்டமெல்லாம் கோணலாகப் போகும். "இந்த பிரவுசரா இருந்தா இப்படி, அந்த பிரவுசரா இருந்தா அப்படி" என்று நானே எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தேன்.

டூல்கிட் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. நாம் ஒரு தடவை ஜாவாவில் எழுதினால் போதும். அது ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனியாக ஜாவாஸ்கிரிப்ட் கட்டி வைத்துவிடும். யார் வந்து திறக்கிறார்களோ அவர்களுக்கு ஏற்றதை மட்டும் அனுப்பும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்புடி ஒரு மெஷினு எனக்கு இருந்திருந்தா இடுப்பு வலியே வந்திருக்காது" என்றார். பிறகு, "நாலு ஆளுக்கு வேலையும் இருந்திருக்காது" என்றார்.

ஒரு கம்பைல், ஒரு டீ

எல்லாமே தேன் என்று சொல்லமாட்டேன். ஜாவாவை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவதைக் கம்பைல் என்போம். எங்கள் லேப்டாப்புக்கு அது மலையேற்றம். விசிறி இரைய ஆரம்பித்தால் கீழே டயர் கடையில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். முடிய ஒரு டீ நேரம் ஆகும்.

அதனால் நாங்கள் முழுக் கம்பைலை நினைத்தபோதெல்லாம் போடுவதில்லை. எழுதும்போது சின்னச் சின்னதாக ஓட்டிப் பார்த்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருப்பதை வேண்டிய வரியில் நிறுத்தி, அந்த நேரத்தில் உப்பு எவ்வளவு, சோயா எவ்வளவு என்று உள்ளே எட்டிப் பார்க்க முடியும். எனக்கு அது சமையல் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பதைப்போல இருந்தது. முன்பெல்லாம் வெந்ததா வேகவில்லையா என்று பந்தியில்தான் தெரியும்.

நாளுக்கு இரண்டு தடவை முழுக் கம்பைல். உடனே எதிர்ச் சாரி டீக்கடைக்குக் கிளம்பிவிடுவோம். இரண்டாவது வாரத்தில் டீக்கடைக்காரரே, "கம்பைல் போட்டாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார். என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

இன்னொரு சௌகரியம். முன்பு 'சீட்டு' என்ற ஒன்றை நான் இரண்டு தடவை எழுதவேண்டும். திரைப் பக்கம் ஒரு பாஷையில், தகவலைச் சேமித்து வைக்கும் சர்வர் பக்கம் வேறு பாஷையில். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதில் மறந்துபோவேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரே ஜாவா, ஒரே சீட்டு. தேன்மொழி சர்வர் பக்கம் எழுதியதை நான் திரைப் பக்கம் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினேன். ஒருத்தி எழுதியது இன்னொருத்திக்குப் புரிந்தது. கல்லூரியில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

சென்னையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை மில்லில் மீன்தூள் வாசனை தூக்கியடித்தது. எங்கள் லேப்டாப்பிலிருந்து ஒயர் இழுத்து இரண்டு கம்ப்யூட்டரை இணைத்தோம். ஒன்று குமரேசன் அண்ணன் அறையில். இன்னொன்று கலவை மெஷினுக்குப் பக்கத்தில், தூசிக்காக பிளாஸ்டிக் உறை போட்டது.

டாக்டரின் கட்டத்தில் நானே ஒன்று என்று தட்டினேன். சீட்டு வந்தது. உப்பு நான்கு கிலோ.

குமரேசன் அண்ணன் கால்குலேட்டரை எடுத்து எல்லா வரியையும் போட்டுப் பார்த்தார். ஏழெட்டு விதமாக மாற்றி மாற்றித் தட்டினார். எல்லாம் சரியாக வந்தது. முகம் மலர்ந்து, "அக்கா, ஓட்டிப் பாருங்க" என்றார்.

பழனியம்மாள் அக்கா சீட்டை வாங்கிப் படித்தார். வெளியே போனார். சோயா மூட்டை ஒன்றைப் பிரித்து, உள்ளே முழங்கை வரை கையை விட்டு அள்ளி, பொத்திப் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"இத ஓட்ட முடியாதுங்க."

"எங்கீங்க்கா தப்பு?" என்றேன்.

"சீட்டுல தப்பு இல்ல சாமி. சோயா ஈரமா இருக்குது. பொத்துனாக் கட்டி புடிக்குது. போட்டம்னா ரெண்டு நாள்ல பூசணம் பூத்துரும். நோட்டா இருந்தா நான் அந்தப் பக்கத்துல ஒரு வட்டம் போட்ருவன். வட்டம் இருந்தா ஓட்டக்கூடாது, அண்ணனுக்குத் தெரியும். இதுல வட்டம் எங்க போடறது?"

குமரேசன் அண்ணன் மெதுவாக நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அங்கங்கே பென்சில் வட்டங்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் புரோகிராமே எழுதினோம். எடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டோம். வட்டத்தை ஏதோ கிறுக்கல் என்று விட்டுவிட்டோம். நான்கு மாதமாக அக்கா ஒவ்வொரு தடவையும் கலவையை நிறுத்திவிட்டு, வெயிலில் அலுவலக அறைக்கு நடந்து வந்து வாயால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

குமரேசன் அண்ணன் நோட்டை மூடவில்லை. அது எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை. அப்போது தேன்மொழி, அதே ஒரே அளவுக் குரலில், "அண்ணா, நீங்க சாப்ட்டுட்டு வாங்க. வட்டத்தப் போட்டு வெச்சிர்றம்" என்றாள்.

ஏழு இடங்கள்

என் பழைய புரோகிராமாக இருந்திருந்தால் நான் அவளை அப்படி வாக்குக் கொடுக்க விட்டிருக்கமாட்டேன். ஒன்றை நுழைத்தால் வேறு எங்கே உடையும் என்று தெரியாது.

தேன்மொழி 'சீட்டு' என்பதில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். ஓட்டலாமா, நிறுத்தணுமா, நிறுத்தினால் யார், எதற்காக. இனி இந்தப் பதில் இல்லாமல் எந்தச் சீட்டும் உருவாகக் கூடாது என்று எழுதினாள். எழுதிய மறுநொடி, புரோகிராம் முழுக்க எங்கெல்லாம் சீட்டு உருவாகிறதோ அங்கெல்லாம் சிவப்புக் கோடு. எண்ணினோம். ஏழு.

எங்கே கை வைக்க வேண்டும் என்று அதுவே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது. அவள் வாசித்தாள், நான் திருத்தினேன். பழனியம்மாள் அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு எங்கள் பின்னால் உட்கார்ந்து, "இன்னும் எத்தன செவப்புங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிக் கோடு மறைந்ததும், "முச்சூடும் போயிருச்சு" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

முழுக் கம்பைலுக்கு நேரமில்லை. "இந்த மில்லு பிரவுசருக்கு மட்டும் போடு, மத்ததெல்லாம் அப்பறம்" என்றாள் தேன்மொழி. பாதி டீ நேரத்தில் முடிந்தது.

குமரேசன் அண்ணன் கைகழுவிய ஈரத்தோடு அறைக்குள் வந்தார். மெஷின் பக்கத்துத் திரையில் இப்போது பெரிய வட்டம் ஒன்று இருந்தது. அக்கா ஒரு விரலால், அடுப்புச் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதைப்போல அழுத்தினார். காரணம் கேட்டது. எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார்.

அறையில் அண்ணனின் திரையில் வந்து நின்றது: 'கலவை நிறுத்தம். நிறுத்தியவர்: பழனியம்மாள். காரணம்: சோயா ஈரம்.'

அண்ணன் ஒரு தடவை படித்தார். போனை எடுத்து சோயா அனுப்பியவரைக் கூப்பிட்டு, மூட்டைகளைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். "யாரு பாத்தாங்க?" என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "எங்க பழனியம்மா பாத்தாங்க. எழுதியே வந்திருக்குது" என்றார். பிறகு அந்த நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

அக்கா அறைக்குள் வந்து தன் பெயரைத் திரையில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல ஒன்னு கொறையுதுங்க" என்றார். "எங்கப்பன் பேரு ஆறுமுகம். முன்னால ஆ போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தோம்.

திரும்பும் வழி

மத்தியான வெயில் சாலையில் பளபளத்தது. முட்டை லாரி ஒன்று மெதுவாக ஊர்ந்து போக, நான் அதன் பின்னால் ஸ்கூட்டரை ஓட்டினேன். மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை என்ற வார்த்தையைச் சொல்லப் பயமாக இருந்தது. மில் கைவிட்டுப் போகவில்லை என்பதற்காக அவள் கட்டாயம் இருப்பாள் என்று நானாக எப்படி நினைத்துக்கொள்வது?

கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். "சென்னைக்கு வரலீன்னு பதில் போட்டுட்டன்."

"எப்படி? இப்பத்தான மில்லுல இருந்தே வாரோம்."

"நேத்தே போட்டுட்டன்."

எனக்குப் புரியவில்லை. "நேத்தா? அக்கா சரின்னு சொல்லுவாங்களான்னே தெரியாதே. இன்னைக்கு நோட்டுதான்னு சொல்லியிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"வேற மில்லு பாத்திருப்பம்."

"உங்கம்மா?"

"அம்மாகிட்டயும் நேத்தே சொல்லிட்டன். இந்த மூணு வாரமா நான் மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறறனாம். கீழ டயர் கடைக்காரரு அம்மாகிட்டச் சொல்லியிருக்காரு. அம்மா, 'அப்ப அங்கயே இரு'ன்னுட்டாங்க." பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நெம்ப சந்தோசமா இருந்துச்சு புள்ள. அத வுட்டுட்டு எங்க போறது?"

கண்ணில் நீர் முட்டி முட்டை லாரி மங்கலாகத் தெரிந்தது. ஓட்ட முடியவில்லை. வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டி, இறங்கி, லேப்டாப் பையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டேன்.